நிபந்தனையும் தானமும்

இல்லறத்தார் நாள்தோறும் ஆற்றவேண்டிய ஆறு கடமைகளுள் தானமும் ஒன்று. கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர், பெறுபவர் ஆகிய நான்கின் சிறப்பைப் பொறுத்தே தானத்தின் பயன் வேறுபடும் என்கிறது தத்துவார்த்த சூத்திரம். நான்கினுள் முறையே முதலில் வைக்கப்பட்டிருப்பது எண்ணத்தக்கது. அரசு ஏழைகளுக்கு நிபந்தனையுடன் வழங்கும் உதவித்தொகைகளையும் இந்த அளவுகோலால் ஆராயலாம்.

தமிழகத்தில் 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், மணப்பெண் எட்டாம் வகுப்புவரை படித்திருக்கவேண்டும் என்றது. பின்னர் அது பத்தாம் வகுப்பாயிற்று. 2022இல் அத்திட்டமே புதுமைப்பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்புவரை பயின்று உயர்கல்வி கற்கும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்றாயிற்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, கருவுற்றதைப் பதிவு செய்தல், அரசு மருத்துவமனையில் மகப்பேறு, குழந்தைக்குத் தடுப்பூசி ஆகியவற்றை வேண்டியது.

2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையின் நிபந்தனைகள் வேறு வகையின: குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 இலட்சம் ரூபாய்க்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருத்தல் வேண்டும். முன்னவை ஒரு நற்செயலைச் செய்யச் சொல்கின்றன. இதுவோ ஏழ்மையை மெய்ப்பிக்கச் சொல்கிறது.

நாங்குநேரி வட்டாரத்தில் பீடி சுற்றியும் கூலிவேலை செய்தும் பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்கள் இவ்வேறுபாட்டை நன்கறிவர். படிக்கவேண்டும் என்ற நிபந்தனையை அவர்கள் சுமையாகக் கருதவில்லை. "சர்க்கார் ரூவா வரும், படிச்சு முடிக்கட்டும்னு சொல்லித்தான் டீச்சர், பொண்ணு கேட்டு வந்தவுகள அனுப்பி வச்சேன்" என்றார் ஒரு தாய். தம் விருப்பத்தைச் சுற்றத்தார்முன் சொல்லத் துணியாத பெண்ணுக்கு, அரசின் நிபந்தனை ஒரு கேடயமாயிற்று.

அதே தாய், சான்றுக்காக மீண்டும் மீண்டும் அலைந்ததைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவருக்கு, வரிசையில் நின்ற நாள் கூலியற்ற நாள். அவர் கேட்டது ஒன்றே: "ஏழைன்னு எத்தன தடவ காட்டணும்?"

பொதுப்பணத்தை வழங்கும் அரசு, பெறுபவரைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. அநேகாந்தம் கற்ற நாம் அப்பக்கத்தையும் காணவேண்டும். ஆயினும், தெரிந்தெடுப்பது வேறு, ஐயுறுவது வேறு. ஒருமுறை கேட்டுப் பணிவுடன் பதிந்துகொள்வதும், மறுத்தால் காரணத்தை விளங்கச் சொல்வதும் கருவூலத்துக்குக் குறைவு தருவன அல்ல. கொடுப்பவரின் உள்ளத்தில் மானம் என்னும் கஷாயம் எழுந்து பெறுபவர் தலைகுனிந்தால், அங்கே கை கொடுத்ததை மனம் ஹிம்சையாக்கிவிடுகிறது. துன்புறுவோர்க்கு இரங்கிக் கொடுக்கும் கருணாதானத்தை நம் அறம் தனியே வகுத்திருப்பதும் இதனை நினைவூட்டும்.

இது அரசுக்கு மட்டும் உரிய பாடமன்று. நம் சமூகத்திலும் கல்வி உதவி வழங்கும் அன்பர்கள் பலர் உள்ளனர். மதிப்பெண் பட்டியலைக் கேட்கட்டும். படிப்பைத் தொடரவேண்டும் என்றும் கேட்கட்டும். அது சாத்திர தானத்தின் வழியே. ஆனால் பிள்ளைகளை மேடையில் நிறுத்தி, குடும்ப நிலையை ஒலிபெருக்கியில் கூறிப் படமெடுக்கும் வழக்கத்தை விட்டொழிப்போம். தொகை வங்கிக் கணக்குக்குச் செல்லட்டும். பிள்ளை தலைநிமிர்ந்து கல்லூரிக்குச் செல்லட்டும்.