எவ்வளவு கொடுப்பது?

மூச்சுத் திணறும் ஒருவருக்குக் காற்றைக் கொடுப்பது அன்பின் செயல் என்பதில் நமக்கு ஐயமில்லை. செயற்கைச் சுவாசக் கருவியைப் பயன்படுத்துவது எப்போது கடமையாகும், எப்போது ஆகாது என்னும் வினாவுக்குத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957-இல் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில் வழிகாட்டினார். ஆயின் கருவியைப் பொருத்திய பின் எழும் மற்றொரு வினாவை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எவ்வளவு காற்றைக் கொடுப்பது?

நிமோனியா, விபத்து முதலியவற்றின் விளைவாக நுரையீரலின் காற்றறைகளில் நீர் கசிந்து நிறையும் கொடிய நிலையொன்றை, 1967-இல் மருத்துவர்கள் 12 நோயாளிகளிடம் கண்டு விவரித்தனர். நலமாயிருக்கையில் நாம் காற்றை உள்ளே இழுக்கிறோம். கருவியோ அதனை உள்ளே தள்ளுகிறது. ஒவ்வொரு மூச்சின் அளவையும் மருத்துவரே குறிக்கவேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிலிட்டர் வரை கொடுப்பது நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. இது இயல்பான மூச்சைவிட அதிகம். நோயாளியின் இரத்தத்தில் பிராணவாயு குறையலாகாது என்ற நல்லெண்ணமே அதற்குக் காரணம்.

1980-களில் இத்தாலிய மருத்துவர் லூச்சானோ கட்டினோனியும் அவருடன் உழைத்தோரும் சி.டி. ஸ்கேன் படங்களில் ஓர் உண்மையைக் கண்டனர். இந்நோயில் நுரையீரலின் பெரும்பகுதி அடைபட்டுக் கிடக்க, ஒரு சிறு பகுதியே காற்றுக்குத் திறந்திருக்கிறது. அதனைக் 'குழந்தை நுரையீரல்' என்றே அவர்கள் அழைத்தனர். வளர்ந்தவருக்குரிய காற்று முழுவதும் அச்சிறு இடத்தில் புகுந்தால், மெல்லிய சுவர்கள் அளவுக்கு மீறி விரிந்து புண்படுகின்றன. காக்க வந்த மூச்சே காயத்தைப் பெரிதாக்குகிறது.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வொன்றின் முடிவு வெளிவந்தது. 861 நோயாளிகளுள் ஒரு பிரிவினருக்குக் கிலோவுக்கு 12 மில்லிலிட்டரும், மறு பிரிவினருக்கு 6 மில்லிலிட்டரும் என்று தொடங்கினர். பருமனால் நுரையீரல் பெரிதாவதில்லையாதலால், உயரத்தையும் பாலினத்தையும் கொண்டே எடை கணக்கிடப்பட்டது. மிகுதியாகப் பெற்றோரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் இறந்தனர். குறைவாகப் பெற்றோரில் 31 விழுக்காட்டினர். இதில் நம்மைத் திகைக்க வைப்பது வேறொன்று. முதல் சில நாள்களில் மிகுதியாகப் பெற்றோரின் பிராணவாயு நிலையே மேலாக இருந்தது! கண்ணுக்கு ஆறுதல் தந்த எண், உயிருக்கு உறுதி தரவில்லை.

அங்ஙனமாயின், முன்னைய மருத்துவர்கள் குற்றவாளிகளா? அல்லர். அவர்கள் அறியாமல் செய்தார்கள். அறிந்த பின்போ பொறுப்பு மாறுகிறது. 50 நாடுகளில் நடைபெற்று 2016-இல் வெளிவந்த ஆய்வின்படி, இந்நோயாளிகளில் மூன்றில் இரு பங்குக்கும் குறைவானவர்களே கிலோவுக்கு 8 மில்லிலிட்டர் அல்லது அதற்குக் குறைந்த அளவைப் பெற்றனர். நோயை இனங்காணத் தவறியதும் அவ்வாய்வில் தெரியவந்தது. நல்லெண்ணம் நம்மை மன்னிப்புக்கு உரியவர்களாக்கலாம். கற்றுக்கொள்ளும் கடமையிலிருந்து அது நம்மை விடுவிப்பதில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. "இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கக் கூடாதா?" என்று உள்ளம் துடிக்கும். அத்துடிப்பில் அன்பும் உண்டு. ஏதேனும் செய்துவிட்டோம் என்று நம்மை நாமே ஆற்றிக்கொள்ளும் ஆவலும் உண்டு. குறைத்துக் கொடுப்பது கைவிடுவதன்று. உள்ளே எஞ்சியிருக்கும் சிறு பகுதியை மதித்து, அது ஆறும்வரை பொறுத்திருப்பதும் அன்பே.

துயரத்தால் நொறுங்கியவர் இல்லத்துக்கு நாம் சுமந்து செல்லும் அறிவுரைகளுக்கும் இது பொருந்தும். அவர் தாங்கும் அளவு எவ்வளவு என்பதை முதலில் அறிவோம். கொடுப்பது அதன் பிறகு.