நந்துதல்: ஒரு சொல்லும் ஓர் ஆறும்

வருவாய்த்துறைக் கணக்கில் 'நத்தம்' என்றால் குடியிருப்பு நிலம். கரந்தமலையும் சிறுமலையும் காவலிருக்கும் நத்தம் என்னும் ஊரில் நின்று இச்சொல்லை எண்ணும்போது, அகராதி இன்னும் சில வாயில்களைத் திறக்கிறது. நத்தம் என்பது ஆக்கத்தையும் குறிக்கும், சங்கையும் குறிக்கும். அதன் உறவுச்சொல்லான 'நந்து' நத்தைக்குப் பெயர். அதுவே வினையாக வரும்போது இரு பொருள் தருகிறது: நந்துதல் என்றால் தழைத்தல், நந்துதல் என்றால் அவிதல், கெடுதல். கோயிலில் அணையாது எரியும் விளக்கை நந்தா விளக்கு என்கிறோமே, அங்கே நிற்பது இரண்டாம் பொருள். தழைப்பதும் அவிவதும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன. ஆற்றில் மாசு கலந்தால் அங்குள்ள சிற்றுயிர்களுக்கு நேர்வதும் இதுவே: ஒரே நீரில் ஒரு கூட்டம் அவிகிறது, இன்னொன்று தழைக்கிறது. இக்கருத்தை ஒவ்வொரு படியாக இறங்கிக் காண்போம்.

முதலில் சிற்றுயிர் எது எனத் தெளிவோம். நுண்ணுயிர் வேறு, அதைக் காண உருப்பெருக்கி வேண்டும். சிற்றுயிர் வெறுங்கண்ணுக்கே தெரியும். குனிந்து பார்த்தால் போதும். மழை ஓய்ந்து நீர் தெளிந்தபின் ஒரு மலையோடையில் உள்ளங்கை அகலக் கல் ஒன்றை எடுத்துத் திருப்புங்கள். ஈரம் மின்னும் அடிப்புறத்தில், வால்நுனியில் மூன்று இழைகள் கொண்ட தட்டைப் பூச்சி ஒன்று கல்லோடு ஒட்டியபடி ஓரத்துக்கு விரையும். அதன் வயிற்றின் இருமருங்கும் இலைபோன்ற செவுள்கள் துடிப்பது தெரியும். சிறகு முளைத்தபின் ஓரிரு நாளே வாழும் பூச்சியின் இளம்பருவம் அது. அருகில் மணல்துகள்களைப் பட்டிழையால் ஒட்டிக் குழல் கட்டி, அதனுள் ஒரு புழு இருக்கும். தட்டானின் இளம்பருவமும், வாயை மூடியால் அடைத்த நத்தையும் அங்கு இருக்கலாம். இவற்றைத் தமிழ் கவனிக்காமல் இல்லை. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் படிநிலையால் வகுத்தபோது நந்தை ஈரறிவிலும் நண்டை நான்கறிவிலும் வைத்தது.

அடுத்த படி, மூச்சு. 30 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. அதே வெப்பத்தில் ஒரு லிட்டர் தூய நீரில் கரைந்து நிற்பது சுமார் 7.5 மில்லிகிராம்தான். நீர்வாழ் சிற்றுயிர் இயல்பிலேயே சிக்கனமான மூச்சில் வாழ்வது. நீர் சூடேறினால் அந்தச் சிறு இருப்பும் சுருங்கும். கோடையில் ஒடுங்கி ஓடும் நம் ஆறுகளில் மூச்சுக்குள்ள இடைவெளி மிகக் குறுகியது என்பதை இங்கே மனத்தில் இருத்த வேண்டும்.

இனி மாசு. அச்சொல்லுக்கு அழுக்கு, குற்றம், மேகம் எனப் பல பொருள்கள். வீட்டுச் சாக்கடை ஆற்றில் விழும்போது மூன்றும் பொருந்தும். கலங்கல் மேகம்போல் ஒளியை மறைக்கிறது. அழுக்கிலுள்ள கரிமப் பொருளை உண்ணும் பாக்டீரியாக்கள் பல்கி, நீரிலிருந்த ஆக்சிஜனைக் குடித்துவிடுகின்றன. நஞ்சு எதுவும் கலக்காவிட்டாலும் மூச்சு போகிறது. மைய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் மீன்களும் காட்டுயிரும் வாழத்தக்க நீருக்கு வைத்துள்ள வரம்பு, லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஆக்சிஜன். அதன்கீழ் இறங்க இறங்க, இலைச்செவுள் பூச்சிகள் முதலில் மறைகின்றன. குழல் கட்டும் புழுக்களில் பலவும் பின்தொடர்கின்றன.

ஆனால் ஆறு வெறுமையாகி விடுவதில்லை. சேற்றில் செந்நிறப் புழுக்கள் நெளியத் தொடங்கும். அவற்றின் சிவப்புக்குக் காரணம், நம் குருதியில் உள்ளது போன்ற ஒரு ஹீமோகுளோபின். அருகிய ஆக்சிஜனையும் அது பற்றிப் பிடிக்கும். கொசுப்புழுவோ வால்பக்கக் குழாயை நீர்மட்டத்துக்கு நீட்டி வெளிக்காற்றையே இழுக்கிறது. நீர் கெட்டால் அதற்கென்ன? நந்து இனத்துக்குள்ளேயே இந்தப் பிளவைக் காணலாம். மூடியுள்ள நத்தைகள் பொதுவாகச் செவுளால் மூச்சுவிடுபவை. அவற்றில் பல இனங்கள் அழுக்கு நீரில் அருகும். மூடியற்ற நத்தைகள் பொதுவாக நுரையீரல் உள்ளவை. மேலே வந்து காற்றை நிரப்பிக்கொண்டு கீழிறங்கித் தழைக்கும். ஒரு நந்து நந்த, இன்னொரு நந்து நந்துகிறது.

இதனினும் ஆழ்ந்த படி ஒன்று உண்டு: ஆலைக் கழிவு. கீழ்ப்பழனி மலையில் பிறந்து, ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்தில் தங்கி, திண்டுக்கல்லின் மேற்கே சென்று, வேடசந்தூர் வழியாக அமராவதியில் சேர்வது குடகனாறு. திண்டுக்கல் வட்டாரத்தின் தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், அதன் வரலாற்றில் பிரிக்க முடியாத பகுதி. பச்சைத்தோல் அழுகாதிருக்க உப்பிடுவார்கள். ஷாப்பில் முதல் வேலை அந்த உப்பை ஊறவைத்துக் கழுவுவது. பிறகு சுண்ணாம்பு, பதனிடக் குரோமியம். இவ்வாறு ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 30 முதல் 40 லிட்டர் கழிவுநீர் உண்டாகும். 1996 ஆகஸ்ட் 28 அன்று, பாலாற்றில் கலந்த தோல் கழிவு பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது பாலாற்றுக் கரையோடு நிற்கவில்லை. திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்கும் தலா 10,000 ரூபாய் மாசு அபராதம் விதித்தது.

உப்பு ஏன் கொடியது? நன்னீர்ச் சிற்றுயிரின் உடல், வெளிநீரைவிட உப்பு மிகுந்தது. அந்தச் சமநிலைக்கேற்பவே அதன் தோலும் செவுளும் அமைந்துள்ளன. ஆற்றில் உப்பேறினால் அச்சமநிலை குலைகிறது. குரோமியத்தின் வழி வேறு: அது பெரும்பாலும் சேற்றில் படிகிறது. சாக்கடையை வென்ற செம்புழு உண்பதும் அச்சேற்றைத்தான். உலோகம் படிந்த சேற்றில் வளர்ந்த இப்புழுக்களின் வாய்ப்பற்கள் உருத்திரிந்திருப்பதை ஆய்வாளர்கள் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். சாக்கடை தழைக்க வைத்ததையும் உலோகம் தொட்டுவிடுகிறது.

இறுதிப் படி, சாட்சியம். குப்பியில் மொண்ட நீர் மொண்ட நொடியின் செய்தியை மட்டும் சொல்லும். நள்ளிரவில் திறந்துவிட்ட கழிவு விடியுமுன் கடந்து போயிருக்கும். பல மாதம் அங்கேயே வாழும் சிற்றுயிர் அதை மறக்காது. 1909இல் ஜெர்மனியின் கோல்க்விட்ஸும் மார்சனும் அழுக்கின் அளவுக்கேற்ப நீர்விலங்குகளை வரிசைப்படுத்தினர். பிரிட்டனில் பின்னர் வகுத்த முறையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண்: தூய ஓடையின் தட்டைப் பூச்சிக்கு 10, செம்புழுக் குடும்பத்துக்கு 2, சேற்று மண்புழு வகைக்கு 1. நம் மைய வாரியமும் இவ்வழியில் உயிரியல் அளவுகோல் வகுத்துள்ளது. அந்த மதிப்பெண் முறையில் தலைகளின் எண்ணிக்கைக்கு இடமில்லை. எத்தனை வகை, எவ்வகை என்பதே கேள்வி. 'தண்ணீரில் உயிர் இருக்கிறதே' என்ற ஆறுதல் எவ்வளவு பிழையானது என்பது இப்போது விளங்கும்.

தட்டானின் இளம்பருவம் கொசுப்புழுவைத் தின்னும். தட்டான் நந்திய நீரில் கொசு நந்துகிறது; அதன் கணக்கை மாலை நேரத்தில் நம் வீட்டுத் திண்ணையே சொல்லும். அடுத்த மழைக்குப்பின் உங்கள் ஊர் ஓடையில் ஒரு கல்லைத் திருப்பிப் பாருங்கள். பார்த்து முடித்ததும், எந்தப் பக்கம் கீழிருந்ததோ அதே பக்கம் கீழிருக்க மெல்ல வைத்துவிடுங்கள். அடியில் குடியிருப்போர் உண்டு. அதுவும் ஒரு நத்தம்.