கயிறு இழுக்க, கட்டை தாங்க

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. ஷாஃப்டுகளின் தலைமேல் இரும்புக் கோபுரங்கள் சில இன்னும் நிற்கின்றன. வளைவு அறுக்கும் மரச்சட்ட ரம்பத்தைப் பற்றி அந்த ஊர்க்காரர் ஒருவர் கேட்டால், அந்தக் கோபுரத்தைக் காட்டினாலே பாதி விளங்கிவிடும்.

கேஜ் என்னும் கூண்டைத் தூக்கும் கம்பிவடம் இன்ஜின் வீட்டு உருளையிலிருந்து சாய்வாக ஏறி, உச்சிக் கப்பியில் திரும்பி, குழிக்குள் நேராக இறங்கும். வடத்துக்கு இழுபட மட்டுமே தெரியும், தள்ளினால் துவண்டுபோகும். இரண்டு பக்கத்து இழுப்பையும் கோபுரத்தின் கால்கள்தான் தாங்கவேண்டும். அவற்றில் சில இன்ஜின் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து ஊன்றியிருப்பது அதற்காகத்தான்.

இந்த ரம்பத்தில் வடத்தின் இடத்தில் இருப்பது அலகு. கைரம்பத்தின் அகன்ற தகடு வளைவில் திரும்பாது. பின்முதுகு மரத்தில் இடித்துச் சிக்கிக்கொள்ளும். 6 மில்லிமீட்டர் அகல நாடா என்றால் திரும்பும். ஆனால் நாடாவைத் தள்ளினால் மடங்கிவிடும். இரு முனையையும் பிடித்து விறைப்பாக இழுத்து வைக்க ஒரு சட்டம் வேண்டும்.

சட்டம் 'எச்' எழுத்து மாதிரி இருக்கும். இரண்டு கைகள், நடுவே ஒரு குறுக்குச்சட்டம். கைகளின் கீழ்முனையில் அலகு, மேல்முனையில் நாலைந்து சுற்றுக் கயிறு. கயிற்றுக்கு நடுவே குச்சியைச் செருகி முறுக்கினால் மேல்முனைகள் நெருங்கும், கீழ்முனைகள் விலகப் பார்க்கும், அலகு விறைக்கும். குறுக்குச்சட்டம் கைகளின் சரிபாதியில் இருந்தால் கயிற்றின் இழுப்பும் அலகின் இழுப்பும் சமம். இரண்டும் கூடி அந்த நடுக்கட்டையை அமுக்குகின்றன. ஆகவே கைகளின் முனைகளை ஓரளவு இழைத்து அழகுபார்க்கலாம். நடுக்கட்டையில் கஞ்சத்தனம் கூடாது.

புதிதாகச் செய்கிறவர்கள் தவறுவது பெரும்பாலும் மூட்டில்தான். நாற்காலி செய்த பழக்கத்தில் குறுக்குச்சட்டத்தின் நாக்கைத் துளையில் இறுக்கிப் பசை போட்டுவிடுவார்கள். பிறகு எவ்வளவு முறுக்கினாலும் அலகு தொளதொளவென்றே கிடக்கும். கைகள் ஏற்றப்பலகை மாதிரி ஆடவேண்டும். அரை அங்குல நாக்கு, பசையில்லாத் துளை, தோளில் லேசான உருட்டல், அவ்வளவு போதும். முறுக்கின் இழுப்பே மூட்டைப் பிடித்துக்கொள்ளும்.

கைகளுக்கு நேர் ரேகை ஓடும் மரமாகப் பார்க்கவேண்டும், தேக்கோ வேங்கையோ. கணு இருந்தால் முறுக்கும்போது அங்கேதான் விரியும். அலகுக்கு, அறுந்த பேண்ட்ஸா பட்டையைக் கீறி எடுக்கலாம். முனைகளில் துளையிடுமுன் அங்கே மட்டும் பழுக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிடவேண்டும். இல்லையேல் துளைக்கும் பிட்தான் மழுங்கும். பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமும் சாய்த்துவிட்டால், ரம்பம் போகும் வழி தகட்டைவிடச் சற்று அகலமாகும். அலகு திரும்ப அந்த இடைவெளி வேண்டும்.

அலகின் முனைகள் நேரே கைகளில் மாட்டுவதில்லை. பிளந்த இரண்டு மர முளைகளில் ஆணியிட்டு மாட்டி, முளைகளைக் கைத்துளைகளில் செருகவேண்டும். முளைகளைத் திருகினால் அலகும் திரும்பும். சட்டம் பலகையில் இடிக்காமல் விலகி நிற்கும். இரண்டையும் ஒரே அளவு திருகாவிட்டால் அலகு முறுக்கிக்கொண்டு கோட்டைவிட்டு ஓடும். விறைப்புப் போதுமா என்று அலகைச் சுண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கணீரென்றால் சரி.

நாற்காலி முதுகில் பூவேலை மாதிரி உள்ளே வெட்ட வேண்டுமா? குச்சியைத் தளர்த்தி, ஆணியைக் கழற்றி, பலகையில் போட்ட துளைக்குள் அலகை நுழைத்து மறுபடி மாட்டலாம். மாலையில் வேலை முடிந்ததும் அதே குச்சியை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு ரம்பத்தை ஆணியில் தொங்கவிடுவார்கள்.