படத்தில் வராத கணக்கு

லினேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன் 1858-இல் கேமராவோடு தஞ்சாவூருக்கு வந்தார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் அவர். பெரிய கோயிலைப் பல பக்கங்களிலிருந்தும் எடுத்தார். அதோடு விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டையும் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார். படிக்கக் கிடைக்கட்டும் என்று எழுத்தை எடுத்த படம் அது. அந்தக் கோயிலின் கல்வெட்டுகளில் நெல் கணக்கு நிறைய உண்டு. எந்த ஊர் எத்தனை கலம் அளக்க வேண்டும், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் என்றெல்லாம் விவரம் இருக்கும். வரியில்லை என்று கழித்துவிட்ட நிலங்களின் வரிசையில் ஊர் நத்தம், குளம், சுடுகாட்டோடு பறைச்சேரியும் வரும். சேற்றில் இறங்கியவர்களுக்கு அந்தப் பெருங்கணக்கில் கிடைத்த இடம் அது.

இன்று காவிரி டெல்டா என்றால் நம் கண்ணுக்கு வரும் படங்கள் மூன்று, நான்குதான். ஆற்றில் தண்ணீர் வந்த நாளில் மலர் தூவும் கைகள். வறட்சி என்றால் பாளம் பாளமாக வெடித்த வயலில் தலையில் கைவைத்து உட்கார்ந்த பெரியவர். ஐப்பசி மழை என்றால் முளைவிட்ட நெல்லை இரு கையாலும் அள்ளிக் காட்டும் விவசாயி. இவற்றில் எதுவும் பொய்யில்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை அறுபது சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அந்த வருஷம் மேட்டூர் அணை ஜூன் 12-க்குப் பதில் செப்டம்பர் 20-இல்தான் திறந்தது. குறுவை போயிற்று, சம்பாவும் கருகியது. 2017 ஜனவரி 10-ஆம் தேதி மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசே அறிவித்தது. வயல் வெடித்துக் கிடந்தது உண்மை.

ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கிறவருக்கு ஒரே சேதிதான் போய்ச் சேர்கிறது: மழை பெய்யவில்லை. பழி வானத்தின் மேல் விழுந்துவிடுகிறது. அந்த வயலுக்கு வைத்த நகைக்கடன், உரக்கடை பாக்கி, கைமாற்றாக வாங்கியதற்கு ஏறிய வட்டி எதுவும் படத்துக்குள் இல்லை. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தபோது அது யார் கைக்குப் போகும் என்ற கேள்வியும் இல்லை. டெல்டாவில் ஏராளமான நிலம் கோயிலுக்கும் மடத்துக்கும் வெளியூர் மிராசுகளுக்கும் சொந்தம், உழுவது குத்தகைக்காரர். கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் என்ற பயிர்ச் சான்று இல்லாவிட்டால் இழப்பீடும் இல்லை, பயிர்க் காப்பீடும் இல்லை. வாய்மொழிக் குத்தகையில் பயிர் வைத்தவருக்கு அந்த ஒரு தாள் கிடைப்பது பெரும்பாடு. அடங்கலுக்காக ஆபீஸ் வாசலில் காத்திருப்பவரைப் படம் எடுத்தால், பார்ப்பவருக்கு அது விவசாயப் படமாகவே தெரியாது.

அதே 2017 மார்ச்சில் விவசாயிகள் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு தலைமையில் காவிரிப் பகுதி விவசாயிகள் போராட டெல்லி ஜந்தர் மந்தருக்குப் போனார்கள். மண்டை ஓடுகளை முன்னால் வைத்தார்கள், எலியை வாயில் கவ்வினார்கள், பாதி தலையை மழித்துக்கொண்டார்கள், ஒருநாள் ஆடையில்லாமலும் ஓடினார்கள். படங்கள் உலகம் முழுக்கப் போயின. இது நாடகம் என்று இங்கேயே சிலர் பேசினார்கள். அந்தப் பேச்சு எனக்கு இன்றும் வலிக்கிறது. வெறுமனே உட்கார்ந்து கோரிக்கை வைக்கும் விவசாயியை எந்தக் கேமராவும் தேடி வராது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எலியைக் கவ்வும் நிலைக்கு அவர்களைக் கொண்டுபோனதில் படம் பார்க்கிற நமக்கும் பங்கு உண்டு.

அதற்கு ஓராண்டு முன்னால், 2016 மார்ச்சில், ஒரத்தநாடு பக்கம் டிராக்டர் தவணை பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீசார் அடித்து இழுக்கும் காட்சி செல்போன்களில் பரவியது. படம் ஆடிக்கொண்டே இருக்கும், ஒளி சரியாக இருக்காது. ஆனால் அதற்குள் வண்டி இருந்தது, வசூல் இருந்தது, அரசாங்கத்தின் தடியும் இருந்தது. கடன் என்பது என்ன என்று டெல்டாவிலிருந்து வந்த படங்களிலேயே தெளிவாகச் சொன்னது அதுதான் என்பது என் கருத்து.

உலகம் கொண்டாடும் வறுமைப் படங்களிலும் முழுக் கணக்கு வராத குறை உண்டு. அமெரிக்கப் பெருமந்தத்தின்போது பின்னாளில் வேளாண் பாதுகாப்பு நிர்வாகம் என்று பெயர் பெற்ற அரசுத் துறை புகைப்படக்காரர்களை ஊர் ஊராக அனுப்பியது. 1936-இல் கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் டோரத்தியா லாங்கே எடுத்த தாயின் படத்தைப் பார்க்காதவர் குறைவு. படம் வெளியாகி முகாமுக்கு உணவு வந்தபோது அந்தக் குடும்பம் அங்கே இல்லை. அந்தப் பெண்ணின் பெயரை லாங்கே கேட்கவில்லை. ஃபுளோரன்ஸ் தாம்ப்சன் என்ற பெயர் உலகத்துக்குத் தெரிய நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு பயனும் இல்லை என்ற கசப்பு அவருக்கு இருந்தது. இருந்தாலும் அந்தத் துறை செய்த ஒன்றை நான் மதிக்கிறேன். படத்தோடு இடம், தேதி, பல சமயம் கூலி, குத்தகை விவரம் வரை எழுதி வைத்தார்கள். இன்றும் அந்தப் படங்கள் பொது நூலகத்தில் எவரும் பார்க்கக் கிடைக்கின்றன.

காவிரிப் படுகைக்கு அப்படியொரு சேகரம் வேண்டும். அதில் நேரடி நெல் கொள்முதல் நிலையம் இருக்க வேண்டும். ஒரு பிடி நெல்லை எடுத்து ஈரப்பதமானியில் போட்டு எண்ணைப் பார்க்கும் நேரத்தில் விவசாயியின் கண் அந்தக் கருவியை விட்டு நகராது. 17 சதவீதத்துக்குள் இருந்தால் சிப்பம் சிப்பமாக எடை போடுவார்கள். தாண்டினால் "காயவச்சு எடுத்துட்டு வாங்க" என்ற ஒரு வார்த்தைதான். பிறகு ரோட்டோரத்தில் நெல்லைப் பரப்பி, மேகம் கறுத்தால் தார்ப்பாய் இழுத்து மூடி, ராத்திரியில் அங்கேயே படுக்கை. அறுத்த நெல் முளைப்பது இந்த நாட்களில்தான். கையில் அள்ளிக் காட்டும் படம் கதையின் கடைசிப் பக்கம். முன் பக்கங்களை யாரும் எடுப்பதில்லை.

நடவுப் பெண்களும் அப்படித்தான். வரிசையாகக் குனிந்த முதுகுகள், பச்சை நாற்று, பின்னால் தென்னை: காலண்டருக்கு அழகான படம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1993 முதல் 2002 வரை பத்து மாநிலங்களில் எடுத்த படங்களை, கண்ணில் படும் உழைப்பு, கண்ணில் படாத பெண்கள் என்ற பொருளில் கண்காட்சியாக வைத்தார். டெல்டாவுக்கு அது அப்படியே பொருந்தும். நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்பதால் கால் விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணை யாரும் படமெடுத்து நான் பார்த்ததில்லை. வெள்ளையாக ஊறி, தோல் பிளந்து, நடக்கும்போதெல்லாம் எரியும். ராத்திரி வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு காலையில் மறுபடி அதே சேற்றில் இறங்க வேண்டும். இந்த மண்ணில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை நிலக்கிழார் தரப்பினர் எரித்தார்கள். தப்பியவர்களிடம் உட்கார்ந்து பேசி பாரதி கிருஷ்ணகுமார் எடுத்த 'ராமையாவின் குடிசை' என்ற ஆவணப்படம் 2005-இல்தான் வந்தது. அவ்வளவு காலம் கழித்துப் போனபோதும் சொல்வதற்கு அவர்களிடம் நிறைய இருந்தது.

சாய்நாத் 2014-இல் தொடங்கிய பாரி (PARI) இணைய ஆவணக் களஞ்சியத்தில் படத்தில் இருப்பவரின் பெயர், ஊர், வேலை எல்லாம் எழுதுகிறார்கள். தமிழிலும் படிக்கலாம். அங்கே பணிசெய்யும் மதுரைப் பக்கத்து எம். பழனிக்குமார், மீன் விற்ற தாயின் மகன். கடன் வாங்கித்தான் முதல் கேமரா வாங்கினார். இப்போது உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்றுத் தருகிறார். திருவாரூரிலும் தலைஞாயிற்றிலும் நடவுக்குப் போகும் வீட்டுப் பெண்பிள்ளைகள் கையிலும் கேமரா போய்ச் சேர வேண்டும். அவர்களுக்கு அம்மாவின் காலைக் காட்டச் சொல்லிக் கேட்கத் தெரியும், யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதும் தெரியும். படத்துக்குக் கீழே அதை எழுதலாமா வேண்டாமா என்று அம்மாவிடமே கேட்டு முடிவு செய்துகொள்வார்கள்.