பிறர் பிள்ளைக்கு நாம் பட்ட கடன்

ஒரு குழந்தை பெற்றோருக்கு மட்டும் உரியதா, ஊருக்கும் உரியதா? கனடா 2021இல் இந்தக் கேள்விக்குத் தன் வரவு செலவுத் திட்டத்திலேயே பதில் எழுதியது: உரிமம் பெற்ற குழந்தைப் பராமரிப்பு, நாளொன்றுக்குச் சராசரியாக 10 டாலர் கட்டணத்தில், அதற்கு ஐந்து ஆண்டுகளில் 3,000 கோடி டாலர் வரை. பிள்ளையில்லாதவரின் வரியும் இதில் சேர்கிறது. அது அநியாயம் என்பவர்களையும் ஒருகாலத்தில் யாரோ ஏந்தித்தான் வளர்த்தார்கள். அவர்களை முதுமையில் தாங்கப்போகும் செவிலியர் இன்று எங்கோ தவழ்ந்துகொண்டிருக்கிறார். இதை ஈகை என்பதைவிடக் கடனடைப்பு என்பதே சரி.

தாய்மடிக்கு ஈடு உண்டா என்ற ஆட்சேபம் இன்னும் கனமானது. கனடாவின் கியூபெக் மாகாணம் 1997இல் நாளுக்கு 5 டாலர் பராமரிப்புத் திட்டத்தைத் தொடங்கியபின் வேலைக்குச் செல்லும் தாய்மார் பெருகினர். ஆனால் பேக்கர், குரூபர், மில்லிகன் ஆகிய பொருளியலாளர்களின் 2008ஆம் ஆண்டு ஆய்வு, குழந்தைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதாகக் காட்டியது. இதை மறைக்கக் கூடாது. அதே மாகாணத்தில் இலாப நோக்கற்ற மையங்களின் தரம் இலாபத்துக்கு நடப்பவற்றைவிட மேலாக இருந்ததையும் ஆய்வுகள் சொல்கின்றன. எனவே பிறர் கையில் பிள்ளை வளர்வதைக் குறைசொல்வதைவிட, அந்தக் கைகளின் பயிற்சியைக் கேட்பதே நியாயம். ஒருவர் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள், அவர் என்ன படித்தவர் என்பதற்கு ஊர் தரும் வாக்குதான் உரிமம். ஊழியருக்கு நல்ல ஊதியம் தராமல் இடங்களை மட்டும் பெருக்கினால் அந்த வாக்கு பொய்க்கும். மையங்களுக்குக் கட்டடம் தேடவும் வழியுண்டு: பல மையங்கள் ஏற்கெனவே தேவாலயங்களின் கீழ்த்தளங்களில் நடக்கின்றன. வாரநாளில் பூட்டிக் கிடக்கும் பிற வழிபாட்டு மண்டபங்களும் கதவைத் திறக்கட்டும்.