சொந்தக் குரலுக்கு வந்த வழக்கு

1988ஆம் ஆண்டு. சான் பிரான்சிஸ்கோ நகரின் கூட்டாட்சி நீதிமன்றத்தில், சாட்சிக் கூண்டில் ஒரு பாடகர் கிதாரும் கையுமாக உட்கார்ந்திருந்தார். ஜூரிகளுக்கு முன்னால் தன் பழைய பாட்டு ஒன்றை வாசித்துக் காட்டினார். பிறகு புதிய பாட்டு ஒன்றையும் வாசித்தார். இரண்டும் அவர் எழுதி, அவர் மெட்டமைத்து, அவரே பாடியவை. பழையதைத் திருடித்தான் புதியதைச் செய்தார் என்பது அவர்மேல் இருந்த வழக்கு.

அந்தப் பாடகர் ஜான் ஃபோகர்டி. அவருடைய பாட்டுகளை அவரிடமிருந்து ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டது. இந்தக் காலையில் நேயர்களோடு பேச வேண்டியது அதைப் பற்றி மட்டுமல்ல. அதற்கு எதிர்வினையாக அவர் தனக்குத்தானே விதித்துக்கொண்ட தண்டனையைப் பற்றியும்தான்.

1945இல் பிறந்த ஃபோகர்டி, கலிஃபோர்னியாவில் எல் செரிட்டோ என்ற சிறிய ஊரில் வளர்ந்தவர். பள்ளிக்கூட நண்பர்களான ஸ்டூ குக், டக் கிளிஃபோர்டு இருவரோடும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினார். அண்ணன் டாமும் வந்து சேர்ந்தார். பெயர்கள் மாறி மாறி, கடைசியில் 'கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல்' என்று நிலைத்த குழு அது. 1969 என்ற ஒரே ஆண்டில் மூன்று ஆல்பங்களை வெளியிட்டார்கள். மிசிசிப்பி ஆற்றையும் லூசியானாவின் சதுப்பு நிலங்களையும் அங்கேயே பிறந்தவர் போலப் பாடிய இந்த இளைஞர் அந்தத் தென்பகுதியில் வாழ்ந்ததே இல்லை. வானொலியிலும் இசைத்தட்டுகளிலும் காதால் கேட்டே தனக்கென ஒரு தெற்கைக் கற்பனையில் உண்டாக்கிக்கொண்டவர் அவர்.

அது வியட்நாம் போர்க்காலம். கட்டாயமாகப் போர்முனைக்கு அனுப்பப்படாமல் இருக்க ராணுவத்தின் ரிசர்வ் படையில் சேர்ந்திருந்தார் ஃபோகர்டி. விடுவிப்புக் கடிதம் வந்த மகிழ்ச்சியில் அவர் எழுத உட்கார்ந்ததுதான் 'ப்ரவுட் மேரி'. பெரிய இடத்துப் பிள்ளைகள் போருக்குத் தப்பிவிட, சாதாரண வீட்டுப் பையன்கள் சாகப் போவதைக் கண்ட கோபத்தில் பிறந்தது 'ஃபார்ச்சுனேட் சன்'. இந்தக் குழுவின் ஐந்து தனிப்பாட்டுத் தட்டுகள் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் வரை போயின. அந்தப் பட்டியலில் முதலிடம் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த ஆண்டுகளில் அமெரிக்க வானொலியில் அவர்கள் குரல் கேட்காத நாள் இருந்திருக்காது.

பாட்டுகளின் உரிமை மட்டும் ஃபேன்டசி ரெக்கார்ட்ஸ் கம்பெனியிடம் இருந்தது. அதன் உரிமையாளர் சால் ஜென்ட்ஸ், பின்னாளில் 'அமடேயஸ்' போன்ற ஆஸ்கர் படங்களைத் தயாரித்தவர். 1971இல் டாம் குழுவை விட்டு விலகினார். 1972இல் குழுவே கலைந்தது. ஒப்பந்தமோ ஃபோகர்டியை விடவில்லை. இன்னும் பல பாட்டுகளை அந்தக் கம்பெனிக்கே தர வேண்டியிருந்தது. கடைசியில் 1980இல், பழைய தட்டுகளிலிருந்து தனக்கு வர வேண்டிய ராயல்டியை விட்டுக்கொடுத்துத்தான் வெளியே வந்தார்.

1985இல் 'சென்டர்ஃபீல்டு' ஆல்பத்தோடு திரும்பினார். எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்திருந்தார். ஆல்பம் முதலிடம் பிடித்தது. கூடவே வழக்குகளும் வந்தன. அதிலிருந்த 'தி ஓல்ட் மேன் டவுன் த ரோடு' என்ற பாட்டு, 1970இல் அவரே எழுதிய 'ரன் த்ரூ த ஜங்கிள்' பாட்டின் நகல் என்றது ஃபேன்டசி. ஆல்பத்தில் தன்னைக் கேலி செய்திருப்பதாக ஜென்ட்ஸ் 14 கோடியே 40 லட்சம் டாலர் கேட்டுத் தொடுத்த அவதூறு வழக்கு தனி; அது சமரசத்தில் முடிந்தது. நகல் வழக்கில்தான் அவர் கிதாரோடு கூண்டேறினார். ஒருவருக்கென்று ஒரு பாணி இருந்தால் அவருடைய பாட்டுகள் ஒன்றுக்கொன்று சாயல் கொண்டுதானே இருக்கும்? ஜூரிகள் அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள்.

ஆனால் வக்கீல் செலவு பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. பதிப்புரிமை வழக்கில் வாதி வென்றால் செலவுத் தொகை எளிதாகக் கிடைத்தது. பிரதிவாதி வென்றால், வழக்கே அற்பமானது என்று காட்டினால்தான் உண்டு என்று அங்குள்ள கீழ் நீதிமன்றங்கள் சொல்லிவந்தன. ஃபோகர்டி விடவில்லை. 1994 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இருவருக்கும் ஒரே அளவுகோல்தான் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பிறகு செலவுத் தொகை வந்து சேர்ந்தது. பெரிய கம்பெனிகளின் வழக்கை எதிர்த்து நிற்கிற எளிய கலைஞர்களுக்கு இது உண்மையான துணை.

இத்தனைக்கும் நடுவே, எந்த நீதிமன்றமும் விதிக்காத ஒரு தடையை ஃபோகர்டி தனக்கு விதித்துக்கொண்டிருந்தார். பழைய பாட்டுகளைப் பாடினால் ஜென்ட்ஸுக்குப் பணம் போகும் என்பதால் அவற்றைப் பாடவே மறுத்தார். 1986 சுற்றுப்பயணத்தில் ரசிகர்கள் ஏங்கிக் கேட்டும் பாடவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஜென்ட்ஸுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. வாயைக் கட்டிக்கொண்டவர் பாடகர்தான்.

1987இல் லாஸ் ஏஞ்சல்ஸின் பலோமினோ கிளப் மேடையில் பாப் டிலன் பக்கத்தில் இருந்தார். நீ பாடாவிட்டால் 'ப்ரவுட் மேரி' அதைப் பாடிய பாடகி டினா டர்னருடைய பாட்டு என்றே உலகம் நினைத்துவிடும் என்ற பொருளில் அவர் ஒரு வார்த்தை சொன்னார். அன்றிரவு ஃபோகர்டி அதைப் பாடினார். அதே ஆண்டு ஜூலை 4 அன்று, வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கான நிகழ்ச்சியிலும் பழைய பாட்டுகளைப் பாடினார். மனம் முழுதாக மாறியது 1990இல், மிசிசிப்பியில் புளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சனின் கல்லறைக்குப் போனபோது. பத்திரம் யாருடைய பெட்டியில் இருந்தாலும் இவை ஜான்சனின் பாட்டுகள்தானே என்று அங்கே தோன்றியதாகவும், தன் பாட்டுகளுக்கும் அதுதானே பொருந்தும் என்று உணர்ந்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த வருடம் செப்டம்பரில் டாம் இறந்தார். ரத்தம் ஏற்றிக்கொண்டதில் எச்.ஐ.வி. தொற்றியிருந்தது. தகராறில் ஜென்ட்ஸின் பக்கம் நின்ற அண்ணனோடு தம்பி சமாதானம் ஆகவே இல்லை. 1993இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் குழுவுக்கு மரியாதை செய்த மேடையில், குக்கோடும் கிளிஃபோர்டோடும் சேர்ந்து வாசிக்க மறுத்தார் ஃபோகர்டி. பாட்டுகளோடு சமாதானம் ஆனவரால் மனிதர்களோடு ஆக முடியவில்லை. இந்தக் கதையில் மனத்தை மிகவும் வருத்துவது இதுதான்.

2004இல் ஃபேன்டசியை வாங்கிய கான்கார்டு கம்பெனி அவருக்கு ராயல்டியைத் திரும்பக் கொடுத்தது. 2023 ஜனவரியில், 77 வயதில், தன் பாட்டுகளின் வெளியீட்டு உரிமையில் பெரும்பங்கை விலை கொடுத்து வாங்கினார். 2025இல் மகன்களோடு சேர்ந்து பழைய பாட்டுகளைப் புதிதாக ஒலிப்பதிவு செய்து, 'ஜானின் பதிப்பு' என்ற குறிப்போடு வெளியிட்டார். அறுபதுகளின் மூல ஒலிப்பதிவுகள் இன்னும் கம்பெனியிடம்தான் இருக்கின்றன.