3,900 புள்ளிக்கு ஒரு டைனோசர்

வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளை இருந்தால் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற பெயர் உங்கள் காதில் விழுந்திருக்கும். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய விளையாட்டு. நாலு பேர் உட்கார்ந்து, ‘நான் வில்லாளி’, ‘நான் மந்திரவாதி’ என்று ஆளுக்கொரு வேஷம் கட்டி, பகடை உருட்டிக் கதை சொல்வார்கள். வழியில் மறிக்கிற பூதம், பிசாசுகளுக்கென்றே ஒரு தடிப் புத்தகம் உண்டு. அதில் டைனோசரும் இருக்கிறது.

பி.காம். புத்தி… என் கண் முதலில் எண்களுக்குத்தான் போனது. 2014 பதிப்பில் டிரனோசாரஸ் ரெக்ஸின் உயிர் 136 புள்ளி. வீழ்த்தினால் உங்களுக்கு 3,900 அனுபவப் புள்ளி. லாபமான வியாபாரம்தான். ஆனால், அதே பக்கத்தில் ‘குணம்’ என்றொரு குறிப்பு. பூதங்கள் பலவற்றுக்கு ‘தீயது’ என்று போட்டவர்கள், இதற்கு ‘எந்தப் பக்கமும் இல்லை’ என்கிறார்கள். அதாவது, நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அதற்குப் பசி… அவ்வளவுதான்!

அப்புறம் எதற்கு ஐயா பரிசு?

துரத்தி வந்தால் வெட்டத்தான் வேண்டும். அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால், தலைக்கு விலை வைத்துவிட்டால், அது துரத்தும்வரை யார் காத்திருப்பார்கள்? நாமே தேடிப் போவோம்.

போயிருக்கிறோம். 1875 முதல் 1925 வரை இந்தியாவில் 80,000-க்கும் மேற்பட்ட புலிகள் கொல்லப்பட்டதாகக் கணக்கிடுகிறார் வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன். பல புலிகளின் தலைக்குச் சர்க்கார் பணம் கொடுத்தது. பழனி மலைக் காடுகளில் திரிகிற செந்நாயும் அந்தப் பட்டியலில் இருந்த பிராணிதான். அது செய்த குற்றம், துரைமார்கள் சுட நினைத்த கடமானை முந்திக்கொண்டு தின்றது! 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகுதான் அதற்கு மூச்சு வந்தது.

இப்போது கொடைக்கானலிலிருந்து கீழே இறங்குங்கள். பழனி அடிவாரத்தில் மயில் அகவும். பறவைகள் எல்லாமே இரண்டு காலில் நடந்த டைனோசர்களின் வம்சம் என்கிறது விஞ்ஞானம். ஆக, மயில் நம்ம டி. ரெக்ஸுக்குத் தூரத்துச் சொந்தம். பாம்பையும் பல்லியையும் விழுங்கும்போது கவனித்துப் பாருங்கள், ஜாடை தெரியும்.

கந்தபுராணக் கதையும் உங்களுக்குத் தெரியும். சூரபத்மன் சந்தேகமில்லாமல் தீயவன். அவனை இரண்டாகப் பிளந்த முருகன் புள்ளி வாங்கிக்கொண்டு போகவில்லை. ஒரு பாதியை மயிலாக்கி ஏறிக்கொண்டார். மறுபாதி சேவலாகிக் கொடியேறியது. (இரண்டுமே டைனோசர் வாரிசு!) தீயவனுக்கே அந்த இடம் கிடைத்தது.

மயில் என்ன தப்பு செய்தது? ஆனாலும், தமிழ்நாட்டில் பல ஊர்களில் விஷம் வைத்த தானியத்தைத் தின்று மயில்கள் செத்திருக்கின்றன. விவசாயியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தரிசனம் பக்தருக்கு, தேசியப் பறவை என்ற பெருமை தேசத்துக்கு. நஷ்டம் மட்டும் மக்காச்சோளம் போட்டவருக்கா?

அந்தத் தடிப் புத்தகத்தில் பலர் தாண்டிப் போகிற ஒரு விதி உண்டு. கொல்லாமல், வேறு வழியில் ஆபத்தை நீக்கினாலும் நடத்துபவர் புள்ளி தரலாம். வயலைச் சுற்றிப் பழைய சேலை கட்டிவிட்டு, ராத்தூக்கம் கெட்டு, விடியலில் தகரம் தட்டுகிற விவசாயி அதைத்தானே செய்கிறார்? அவருக்கு யார் தருகிறார்கள் 3,900?